மைதானத்துச் சாவி: எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், ஆறு பிளாக்குகளிலும் குடியிருக்கும் என் அண்டை வீட்டார் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் இரண்டாம் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் பேரன் பந்தோடு கீழே போனான். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். "அம்மாச்சி, கிரவுண்டைப் பூட்டிட்டாங்க" என்றான். அவனுக்கு ஏழு வயது. அழவில்லை. அழுதிருந்தால் மடியில் போட்டுத் தேற்றியிருப்பேன். கொஞ்ச நேரம் பந்தைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய் என் மகளின் பழைய போனை எடுத்துக்கொண்டான். இரவுச் சாப்பாடுவரை அதைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலை கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை நானே போய்ப் படித்தேன். காலை 5.30 முதல் 7.30 வரை நடைப்பயிற்சிக்கு மட்டும் திறக்கப்படும். பந்து, சைக்கிள், ஸ்கேட்டிங் எதுவும் கூடாது. மீறினால் 500 ரூபாய் அபராதம். கீழே "பொதுக்குழுத் தீர்மானத்தின்படி" என்று இருந்தது. அந்தப் பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். 120 வீடுகள் இருக்கின்றன. இங்கே தினமும் விளையாடிய பிள்ளைகள் அறுபதுக்குக் குறையாது. அவர்களில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்னைப் பலருக்குத் தெரிந்திருக்காது. 'சி' பிளாக்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் 1991-லிருந்து முப்பத்திரண்டு வருடம் பால்வாடி டீச்சராக வேலை பார்த்தவள். அரசாங்கக் காகிதத்தில் அங்கன்வாடிப் பணியாளர் என்று இருக்கும், ஊரில் டீச்சர்தான். பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓட்டுக் கட்டடத்திலும் அதன் முன்னால் இருந்த வேப்பமரத்தடியிலும் கற்றதுதான். அதை நம்பித்தான் உங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

உலக வங்கி உதவியோடு 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, அதை முதன்முதலில் தொடங்கிய இடம் எங்கள் கொட்டாம்பட்டி ஒன்றியம். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதம் ஒரு முறை எடை போட வேண்டும். தராசை மரக்கிளையில் கட்டுவோம். அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுத்துக் காட்டுவோம். கோடு மேலே ஏறினால் நல்லது. படுத்தாலோ இறங்கினாலோ அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகச் சத்துருண்டை. படிக்கத் தெரியாத தாய்மாருக்கும் அந்தக் கோடு புரியும். தன் பிள்ளையின் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோட்டையும் எட்டிப் பார்ப்பார்கள். முதலில் எனக்கு அது வம்பு போலத் தோன்றியது. அப்படி இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு பெண் குழந்தை.

பதினோரு மாதக் குழந்தை. இரண்டு மாதமாகக் கோடு படுத்தே கிடந்தது. தாய் விடியும் முன்னே நடவுக்குப் போய்விடுவாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டது எட்டு வயது அக்கா. அந்தச் சின்னப் பெண் என்ன செய்வாள்? தனக்குப் பசித்தால் தங்கைக்கும் பசிக்கும் என்று நினைத்து, தான் சாப்பிடும் நேரத்தில் கஞ்சி கொடுப்பாள். நான் அந்தத் தாயிடம் என்னென்னவோ புத்தி சொன்னேன். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு மறுநாளும் நடவுக்குப் போனாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. எடை போடும் நாளில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் தாங்களாகவே பேசி முடிவெடுத்தார்கள். ஒருத்தி காலையில் குழைத்த பருப்புச்சோறு ஊட்டுவாள், ஒருத்தி பத்தரைக்கு, இன்னொருத்தி மதியம், மாலையில் ஒரு பாட்டி. அடுத்த மாதம் குழந்தை 400 கிராம் ஏறியிருந்தது. நான் புள்ளி வைத்தபோது அந்த நால்வரும் சுற்றி நின்று பார்த்தார்கள். தாய் வேலைக்குப் போயிருந்தாள்.

அந்த நான்கு பேருக்கும் அந்தக் குழந்தை உறவில்லை. ஒரே தெரு, அவ்வளவுதான். நாம் இங்கே ஒரே லிப்டில் ஏறி இறங்குகிறோம். எந்த மாடியில் எந்தக் குழந்தை சாப்பிட மறுக்கிறது, எந்த அம்மா பிரசவம் முடிந்து தனியாகத் திண்டாடுகிறாள், எந்தப் பிள்ளை இரண்டு மாதமாகச் சிரிக்கவே இல்லை என்று நமக்குள் யாருக்குத் தெரியும்? இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள நமக்கு ஒரு இடம் வேண்டும். அந்த இடம் மைதானமாக இருந்தது. பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கப் போய்த்தான் பக்கத்து பிளாக் அம்மாவின் பெயரே எனக்குத் தெரிந்தது. இப்போது அவரை வாரம் ஒரு முறை குப்பை போடும் இடத்தில் பார்க்கிறேன்.

தீர்மானத்துக்குச் சொன்ன காரணங்களையும் விசாரித்தேன். ஒவ்வொன்றும் உண்மைதான். பந்து பட்டு ஒரு காரின் முன்கண்ணாடி விரிசல் விட்டது. 'டி' பிளாக்கில் ஒரு பெரியம்மா மேல் சைக்கிள் மோதி அவர் கீழே விழுந்தார். முட்டியில் அடிபட்டு ஒரு வாரம் நடக்க முடியவில்லை. மாலையில் சத்தம், இரவு வேலைக்குப் போகிறவர்கள் தூங்க முடியவில்லை. செடிகள் மிதிபடுகின்றன. "வெளியாட்களின்" பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். கடைசிக் காரணத்தைப் பற்றி நான் தனியாகப் பேச வேண்டும். மற்ற நான்குக்கும் வழி இருக்கிறது. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், முட்டி வலியும் உண்டு. விழுந்துவிடுவோமோ என்ற பயம் என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் பெரியம்மாவைப் போய்ப் பார்த்தேன். "பிள்ளைகளைப் பூட்டி வைக்கவா சொன்னேன்? நடக்கிற பாதையில சைக்கிள் விடாதீங்கன்னுதான் சொன்னேன்" என்றார்.

பூட்டியதால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று யோசித்துப் பார்த்தோமா? ஐந்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை உள்ளவர்கள் நாள் முழுவதிலுமாகச் சேர்த்து 180 நிமிடம் அசைந்தாட வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்குவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019-ல் அது வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. நம் பிள்ளைகள் காலை ஏழரைக்கு வேன் ஏறுகிறார்கள். மாலை நான்கரைக்கு இறங்குகிறார்கள். பலருக்கு டியூஷன் ஆறரைக்கு. நடுவில் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தின் மேல்தான் பூட்டு விழுந்திருக்கிறது.

கண்ணைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் லிப்டில் என்னோடு ஐந்து பிள்ளைகள் இறங்கினார்கள். மூன்று பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். எல்லாம் பத்து வயதுக்குள். கிட்டப்பார்வை கூடுவதற்குப் பரம்பரை ஒரு காரணம், இடைவிடாமல் பக்கத்தில் பார்த்து வேலை செய்வது ஒரு காரணம், வெளியில் பகல் வெளிச்சம் படாதது இன்னொரு காரணம். வீட்டுக்குள் எத்தனை டியூப்லைட் போட்டாலும் வெளியே மரநிழலில் இருக்கும் வெளிச்சத்துக்கு ஈடாகாது. தைவானில் பள்ளிப் பிள்ளைகளின் பார்வைக் குறைவு வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. 2010-ல் அந்த அரசு ஒரு வேலை செய்தது. தினமும் 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் இருக்கவைக்கப் பள்ளிகளை முடுக்கிவிட்டது. மருந்து இல்லை, ஊசி இல்லை. அதுவரை ஏறிவந்த கணக்கு அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. நம்மிடம் கைக்கெட்டும் தூரத்தில் புங்கமரமும் வேப்பமரமும் நிற்கும் திடல் இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டு மாதா மாதம் கண் மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறோம்.

சாப்பாட்டைப் பற்றி நான் பேசாவிட்டால் என் வேலைக்கு மரியாதை இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஐந்தாவது முறை எடுத்தபோது, 2019-21-ல், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இது ஏழை வீட்டுப் பிரச்சினை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குப் பவுடர் டப்பா வாங்கும் வீடுகளிலும் வெளுத்த நகத்தோடு பிள்ளைகளைப் பார்க்கிறேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை எல்லாம் நமக்குத் தெரியாதவை இல்லை. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, அதுதான் சிக்கல். ஓடாத பிள்ளைக்குப் பசிக்காது. பசிக்காத பிள்ளைக்குப் போனைக் காட்டி ஊட்ட வேண்டியிருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டே தின்னும் பிள்ளைக்கு வாயில் என்ன போகிறது என்று தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. மைதானம் திறந்திருந்த நாட்களில் என் பேரன் ஏழு மணிக்கு வியர்வையோடு வந்து, "என்ன இருக்கு?" என்று கேட்பான். கத்தரிக்காய்ப் பொரியலைக்கூட முகம் சுளிக்காமல் சாப்பிடுவான். ஒன்பதுக்குத் தூங்கிவிடுவான். இந்த ஒரு மாதமாகப் பதினொன்று ஆகிறது.

என் மகளையும் மருமகனையும் நான் குறை சொல்லவில்லை. இருவரும் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கிறார்கள். இரவு எட்டரைக்கு முன் வீடு திரும்ப முடிவதில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதே எழுதிவிட்டார்கள். அது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தால் பல தாய்மார்களின் பாரம் குறையும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை யாரும் காப்பகத்தில் விட முடியாது. அவனுக்கு வேண்டியது கூட்டாளிகளும், ஓட இடமும், தூரத்தில் உட்கார்ந்து ஒரு கண் வைத்திருக்கும் பெரியவர்களும். பெற்றவர்கள் வீட்டில் இல்லாத அந்த நேரத்தில் அவனை வளர்ப்பது நம் எல்லோருடைய வேலையும்தான்.

இப்போது "வெளியாட்கள்" விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வாசலில் பகலும் இரவும் நிற்கும் செக்யூரிட்டித் தம்பியின் மகள்தான் அந்த வெளியாள். பீகாரிலிருந்து வந்த குடும்பம். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது, பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். காலையில் பள்ளியில் கிடைக்கும் பொங்கலையும் உப்புமாவையும் பற்றி அவள் என்னிடம் நல்ல தமிழில் விவரமாகச் சொல்வாள். அந்தத் தமிழை அவள் கற்றது இந்த மைதானத்தில்தான். நம் பையன்கள் ஒரு நாள் ஒடித்த குச்சியை வைத்துக் கிட்டிப்புள் ஆடப் பார்த்துத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "இது எங்க ஊர் குல்லி டண்டா" என்று சொல்லி, புள்ளை எப்படித் தட்டி எழுப்புவது என்று காட்டிக்கொடுத்தாள். பதிலுக்கு இவர்கள் அவளுக்குப் பல்லாங்குழி கற்றுக்கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் எல்லோரையும் தோற்கடித்தாள். பூட்டு போட்ட பிறகு ஒரு மாலை அவள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றிருந்தாள். உள்ளே யாரும் இல்லை.

இந்தக் காட்சி எனக்குப் புதிதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆயா சமைத்தார் என்பதற்காகச் சில வீட்டார் தங்கள் பிள்ளைகளைப் பால்வாடியில் சாப்பிடவிடவில்லை. ஆயாவின் சாதிதான் காரணம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் வாதம் செய்து பார்த்தேன், மேலதிகாரி வந்து பேசிப் பார்த்தார், அசையவில்லை. தினமும் ஆயா பரிமாற, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து நானே முதல் கவளம் சாப்பிடுவேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மாற்றம் ஒரு ஊஞ்சலால் வந்தது. பழைய டயரை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். நான்கு வயதுப் பையன் ஒருவன், தூக்கிக்கொண்டு போன பாட்டியின் இடுப்பிலிருந்து நழுவி ஊஞ்சலுக்கு ஓடிவந்துவிட்டான். ஆடி முடித்ததும் பசி. தட்டை எடுத்துக்கொண்டு ஆயாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். பாட்டி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவன் பாதி சாப்பிட்டு முடித்திருந்தான். அவர் வாசலிலேயே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவர் நேரத்துக்கு முன் வரவில்லை. அந்த மாத முடிவில் இன்னும் மூன்று வீட்டார் அப்படி முன்கூட்டி வந்து பிள்ளையைத் தூக்கிப்போவதை நிறுத்தினார்கள்.

முப்பது வருடத்துக்கு முன் ஒரு கிராமத்தில் பிள்ளைகள் இடித்துப் போட்ட சுவரை, சென்னையில் படித்தவர்கள் குடியிருக்கும் இடத்தில் நாம் மறுபடி எழுப்பக் கூடாது. இது என் கெஞ்சல்.

சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நம் குடியிருப்பு ஏறக்குறைய நான்கு ஏக்கர், அதாவது 16,000 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுப் பொழுதுபோக்குக்கான திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் அரசுத் தரப்புக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். என் மருமகன் ஒப்புதல் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். நம் மைதானம், ஏறக்குறைய 35 சென்ட், அந்த இடம்தான். நாம் பராமரிக்கிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம், வேலி போட்டோம். அதற்காக அது நம் சொந்தமாகிவிடாது. அது ஊர்ச்சொத்து. செக்யூரிட்டியின் மகளும், எதிர்ச் சந்தில் இஸ்திரி போடுகிறவரின் பையன்களும் அங்கே விருந்தாளிகள் இல்லை. அவர்களுக்கும் அங்கே உரிமை உண்டு. நான் புகார் கொடுக்கக் கிளம்பியிருக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படி ஒரு எண்ணம் இருந்தால் உங்களுக்கு இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பயத்தைப் பற்றியும் மனம் விட்டுப் பேச வேண்டும். தீர்மானத்துக்குக் கைதூக்கிய இளம் தாய் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அம்மா, செய்தி பார்க்கவே பயமா இருக்கு. கண்ணுக்கு முன்னாடி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்னு தோணுது." அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பால்வாடியிலும் பள்ளியிலும் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றிப் பிள்ளைகளிடம் நாங்கள் பேசியிருக்கிறோம். குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருந்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த எண் மனப்பாடமாக இருக்கட்டும். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையை எந்த ஆண்டு எடுத்துப் பார்த்தாலும், பிள்ளைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்தான். பூட்டிய மைதானம் இந்த ஆபத்திலிருந்து காப்பாற்றாது. தனக்கு நேர்ந்ததைப் போய்ச் சொல்ல, அம்மா அப்பாவைத் தவிர இன்னும் நான்கைந்து பெரியவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வேண்டும். முகம் பார்த்துப் பேசிப் பழகாமல் அந்த நம்பிக்கை வராது. என் அனுபவத்தில், வீட்டில் சொல்லப் பயந்ததை டீச்சரிடமோ ஆயாவிடமோ வந்து சொன்ன பிள்ளைகள் உண்டு.

இனி என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். காலை 5.30 முதல் 7.30 வரை நடைப்பயிற்சி இப்போது போலவே இருக்கட்டும். மாலை 4.30 முதல் 7 வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். கோடை விடுமுறையில் வெயில் தாழ ஐந்து மணிக்குத் திறந்தால் போதும். ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து மட்டும், கிரிக்கெட் பந்து வேண்டாம். கார்கள் நிற்கும் பக்கம் வலை கட்டிவிட்டால் கண்ணாடி உடையாது. வலைக்கு நிதி திரட்டினால் முதல் தொகை என்னுடையதாக இருக்கட்டும். அங்கன்வாடி ஓய்வூதியம் சொற்பம்தான், இருந்தாலும் அதிலிருந்து தருவதில் எனக்குச் சந்தோஷம். சைக்கிளைச் சுற்றுப்பாதைக்கு ஒதுக்கி, நடைபாதையில் விடக் கூடாது என்று ஒரு கோடு போட்டால் 'டி' பிளாக் பெரியம்மா நிம்மதியாக நடப்பார். ஏழு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று பிள்ளைகளிடமே சொல்வோம். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இங்கே என்ன விதி வேண்டும்?" என்று கேட்டால், நாம் போடுவதைவிடக் கடுமையான விதி போடுவார்கள். பால்வாடியில் வரிசை யார் தப்பினாலும் முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

செடிகளைப் பற்றி: மிதிபட்டவை எல்லாம் அழகுக்கு வைத்த குரோட்டன்ஸ். அதற்குப் பதில் ஒரு வரிசை முருங்கையும் பப்பாளியும், கீரைப் பாத்தி இரண்டும் போட்டு, ஒவ்வொரு பாத்தியையும் நான்கு பிள்ளைகள் பொறுப்பில் விடுங்கள். தான் தண்ணீர் ஊற்றிய கீரையைப் பிள்ளை மிதிக்காது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கச் சொல்லிச் சாப்பிடவும் செய்யும். வடகிழக்கு மூலையில் ஒரு வண்டி மணல் கொட்ட வேண்டும். பூனை அசிங்கம் செய்யாமலிருக்க இரவில் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு மணலை விடச் சிறந்த விளையாட்டுச் சாமானை நான் முப்பத்திரண்டு வருடத்தில் பார்த்ததில்லை.

மாலையில் இரண்டு பெரியவர்கள் பெஞ்சில் உட்கார வேண்டும். 120 வீடுகள், நாளுக்கு இரண்டு வீடு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ஒரு வீட்டுக்கு முறை வரும். வேலைக்குப் போகும் தந்தையர் சனி, ஞாயிறு முறையை எடுத்துக்கொள்ளட்டும். அவர்கள் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக் காட்டும் நாளைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். உள்சாலையில் அந்த நேரத்தில் வண்டிகள் மெதுவாகப் போகட்டும். சாப்பாடும் சாமானும் கொண்டுவரும் பைக்குகள் வாசலில் நின்றுவிட, நாம் இறங்கிப் போய் வாங்கிக்கொள்ளலாம்.

என் சொந்த ஆசை ஒன்றும் இருக்கிறது. பௌர்ணமிதோறும் மைதானத்தில் நிலாச்சோறு. எங்கள் பக்கம் சித்ரா பௌர்ணமி என்றால் அழகர் வைகையில் இறங்கும் நாள். ஆற்று மணலில் விடிய விடியக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, கொண்டுபோன கட்டுச்சோற்றை முகம் தெரியாதவர்களோடும் பகிர்ந்து சாப்பிடுவோம். இங்கே அந்த அளவுக்கு வேண்டாம். வீட்டுக்கு ஒரு பாத்திரம். புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்தி, யாருக்கு எது வருமோ அது. எல்லாவற்றையும் நடுவில் வைத்து ஒருவர் உருட்டிக் கொடுக்க, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கை நீட்டி வாங்கிச் சாப்பிட வேண்டும். அந்தக் கையில் நம் வீட்டுப் பிள்ளை எது, செக்யூரிட்டி வீட்டுப் பிள்ளை எது என்று நிலா வெளிச்சத்தில் தெரியாது. போன்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். இன்னொன்றும் சொல்கிறேன். மூன்று நான்கு கிலோமீட்டரில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. 2022-லிருந்து அது உலக அளவில் முக்கியத்துவம் பெற்ற ராம்சர் தலம். குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வரும். நம் பிள்ளைகளில் பலருக்கு அது வேன் ஜன்னலில் கடந்துபோகும் ஒரு வெற்றிடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருமாகக் கிளம்பிப் போய்ச் சாலையோரம் நின்றாவது காட்டிவிட்டு வரலாம்.

பிள்ளைகளுக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 1989-ல் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 31-வது பிரிவில் எழுதியது. 1992-ல் இந்தியா அதை ஏற்றது. இதை நான் பயிற்சியில் படித்தேன், தேர்வுக்காக மனப்பாடமும் செய்தேன். ஆனால் கொட்டாம்பட்டியில் எந்தத் தாயும் அதைப் படித்துவிட்டுத் தன் பிள்ளையைத் தெருவில் விளையாட விடவில்லை. சாயங்காலம் ஆனால் பிள்ளை தெருவில்தான் இருக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருத்தி கூப்பிட்டால் தெருப் பிள்ளைகள் எல்லோரும் வீடு திரும்புவார்கள்.

வருகிற ஞாயிறு மாலை நிர்வாகக் குழு கூடுவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். எனக்குப் பத்து நிமிடம் பேச அனுமதி தாருங்கள். பிள்ளைகளில் இரண்டு பேரையும் அழைத்து வருகிறேன், அவர்களும் சொல்லட்டும். செக்யூரிட்டித் தம்பியின் மகளும் வருவாள். தீர்மானத்தை மாற்றப் பொதுக்குழுதான் கூட வேண்டும் என்றால், அதுவரை சாவியை மட்டும் மாலை நான்கரைக்கு வாசல் அறையில் கொடுத்து வையுங்கள். நான் வாங்கித் திறக்கிறேன். ஏழு மணிக்கு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பூட்டித் திரும்ப ஒப்படைக்கிறேன். அந்த நேரம் முழுவதும் புங்கமரத்தடி பெஞ்சில் இருப்பேன். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை ஊரிலிருந்து வந்துவிட்டது, ஒரு படி இருக்கிறது.

அன்புடன்,
'சி' பிளாக் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர்